ஆள் ஜாமீன்

ஆடி மாதத்தில் வாலிநோக்கத்துக்கு வந்திருக்கும் நேயர்கள் கச்சான் காற்றை மறந்திருக்க மாட்டார்கள். தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். கரையில் மணல் எழும்பிக் கண்ணில் விழும். வள்ளங்களெல்லாம் மேட்டில் ஏறி நிற்கும். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் அந்த மாதங்களில் உப்பளத்துக்கோ, கட்டட வேலைக்கோ, யார் கூப்பிட்டாலும் அந்தக் கூலிக்கோ போவார்கள்.

அப்படிப்பட்ட ஓர் ஆடி மாதத்து மாலையில், நான் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஸ்திரீ வந்து நின்றாள். என்னிடம் எட்டாம் வகுப்பு வரையில் படித்த ஒரு பையனின் தாயார்.

"வாத்தியாரய்யா, எம் மவன விட்டுரச் சொல்லி நீதிபதி அய்யா எழுதிட்டாகளாம். ஆனாலும் செயில்ல விட மாட்டேங்கிறாக. கையெழுத்துப் போட இன்னொரு ஆளு வேணுமாம். நீங்க ஒரு எட்டு வரணும்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதுவதற்கு இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. "யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். அவள் போய்விட்டாள். நான் ஒன்பது நாள் யோசித்தேன். அந்த ஒன்பது நாளும் அவள் மகன் சிறையில் இருந்தான்.

நான் ஏன் அவ்வளவு நாள் யோசித்தேன்? ஜாமீன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவன், இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவன், இருந்தும் தெரியாது. ஜாமீன் கொடுப்பதென்றால் பத்தாயிரம் ரூபாயைக் கோர்ட்டில் எண்ணி வைக்க வேண்டும், பிறகு போலீசார் நம் வீட்டுக்கும் வருவார்கள், வீட்டின் பேரில் வில்லங்கம் ஏற்படும் என்றெல்லாம் மனத்துக்குள் ஒரு பூதத்தை வளர்த்து வைத்திருந்தேன். என்னைப் போன்றவர்கள் நம் நேயர்களிலும் பலர் இருக்கலாம். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பையனின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தகப்பனார் இல்லாத வீடு. கடலுக்குப் போக முடியாத நாளில் ஓர் இரவு, வண்டியில் மூட்டை ஏற்றும் கூலிக்குப் போனான். மூட்டைகளில் இருந்தது உலர்ந்த கடலட்டை. 2001-ஆம் ஆண்டிலிருந்து கடலட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அதைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். மூட்டைக்குள் இருந்தது இன்னதென்று பையனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை விசாரித்துச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. அதைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பிடிபட்ட பதினாறாம் நாள் அவனுக்கு ஜாமீன் உத்தரவு ஆயிற்று. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் இரத்த சம்பந்தமுள்ளவராக இருக்க வேண்டும். வெளியே வந்ததும் தினந்தோறும் காலை பத்தரை மணிக்குக் குறிப்பிட்ட அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். இவ்வளவுதான் உத்தரவு.

இரத்த சம்பந்தத்துக்குத் தாயார் இருக்கிறாள். இன்னொருவர் யார்? அவர்களுடைய குடிசை புறம்போக்கில் இருக்கிறது. பட்டா இல்லை, வீட்டு வரி ரசீதும் இல்லை. அக்கம்பக்கத்தாரின் ஸ்திதியும் அப்படியே. ரசீது வைத்திருப்பவர்கள், அடியேனைப் போல, யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

வார்த்தையின் வரலாறு

'ஜாமீன்' என்பது அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த வார்த்தை. அதன் மூலப் பொருள், பொறுப்பேற்று நிற்கும் மனிதன் என்பது. நாம்தான் நாளடைவில் அதைப் பணத்தின் பெயராக ஆக்கிவிட்டோம். 'பிணை' என்ற நம் தமிழ்ச் சொல்லுக்கும் கட்டுதல், சேர்த்தல் என்றுதான் பொருள். ஆக, இரண்டு சொற்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகின்றன. ஒருவனை வெளியே விடுவதற்காக, விலங்குக்குப் பதிலாக அவனை ஒரு வாக்குறுதியில் கட்டுகிறார்கள். அந்த வாக்குறுதியின் மறு முனையை இன்னொரு மனிதன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கிராமங்களில் இதற்கு 'ஆள் ஜாமீன்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. எவ்வளவு பொருத்தமான பெயர்!

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. குற்றம் ருசுவாகும் வரையில் ஒருவன் நிரபராதி. விசாரணைக்கு அவன் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் கோர்ட்டின் கவலை. வருவான் என்று நம்புவதற்கு இடமிருந்தால், சாட்சிகளைக் கலைக்க மாட்டான் என்று தோன்றினால், உள்ளே வைத்திருக்கக் காரணமில்லை. தண்டனை என்பது தீர்ப்புக்குப் பின்னால் வர வேண்டியது.

இந்த நாட்டிலேயே இதற்கு ஓர் அருமையான திருஷ்டாந்தம் உண்டு. 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சம்பாரண் ஜில்லாவை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவை மீறியதற்காகக் காந்தியடிகளை மோதிஹாரிக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். காந்தியடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தீர்ப்பைத் தள்ளி வைத்த மாஜிஸ்திரேட், அது வரையில் ஜாமீன் கொடுக்கும்படி கேட்டார். காந்தியடிகள் மறுத்துவிட்டார். மாஜிஸ்திரேட் என்ன செய்தார்? ஜாமீன் இல்லாமலே அவரை வெளியே விட்டார். இந்த மனிதர் ஓடிப் போக மாட்டார் என்பது அந்நிய அரசாங்கத்தின் அதிகாரிக்கே தெரிந்திருந்தது. ஒரு மனிதனின் சொல்லே போதுமான பிணை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

கைது முதல் விடுதலை வரையில்

இனி, காரியம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில், 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியிலிருந்து பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலில் இருக்கிறது. பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கின்றன. ஜாமீனைப் பற்றிய அடிப்படைகள் பெரும்பாலும் பழையவையே.

ஒருவரைக் கைது செய்தால், காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னது நம் அரசியல் சாசனத்தின் 22-ஆவது ஷரத்திலேயே இருக்கிறது.

குற்றங்களைச் சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, ஜாமீனில் விடத்தக்கவை. சிறு அடிதடி முதலியன இதில் சேரும். இவற்றில் ஜாமீன் என்பது உரிமை. யாருடைய தயவும் அன்று. போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் பெற்று வெளியே வரலாம். ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையாக இருந்தால், சொந்த முச்சலிக்காவின் பேரிலேயே, அதாவது தாமே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரிலேயே, விட்டுவிட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 478-ஆவது பிரிவு சொல்லுகிறது.

இரண்டாம் வகை, ஜாமீனில் விடத்தகாதவை. இந்தப் பெயர் பலரைப் பயமுறுத்திவிடுகிறது. ஜாமீனே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. உரிமையாகக் கேட்க முடியாது. கோர்ட்டு யோசித்துக் கொடுக்கும் என்பதே அர்த்தம். மாஜிஸ்திரேட் மறுத்தால் ஸெஷன்ஸ் கோர்ட்டுக்கும், அங்கும் மறுத்தால் ஹைக்கோர்ட்டுக்கும் போகலாம். நம் தென் ஜில்லாக்காரர்கள் அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டிலிருந்து மதுரையிலேயே ஹைக்கோர்ட்டுக் கிளை இருக்கிறது.

இவையன்றிக் காலக்கெடுவும் ஒன்று உண்டு. போலீசார் அறுபது நாளுக்குள், பெருங்குற்றமானால் தொண்ணூறு நாளுக்குள், குற்றப் பத்திரிகையைத் தாக்கல் செய்யாவிட்டால், கைதி கேட்ட மாத்திரத்தில் ஜாமீனில் விட்டாக வேண்டும். விசாரணையிலேயே காலம் கழிந்து, அந்தக் குற்றத்துக்கு உச்சமாக விதிக்கக்கூடிய தண்டனையில் பாதியைக் கைதி சிறையில் கழித்துவிட்டால், பொதுவாக அவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனை எதுவும் பெறாத முதல் முறைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகளில் சிக்கியவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை.

சரி, உத்தரவு ஆகிவிட்டது. உடனே சிறைக் கதவு திறந்துவிடுமா? இல்லை. இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஜாமீன்தாரர்கள் கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டும். ஆதார் கார்டு, குடும்ப அட்டை, புகைப்படம் முதலியவற்றோடு, சொத்து வரி ரசீதோ, பட்டாவோ, சொத்து மதிப்பைப் பற்றிய ரெவினியூ அதிகாரியின் சான்றோ, கோர்ட்டு கேட்டபடி கொண்டுவர வேண்டும். உத்தியோகஸ்தரானால் சம்பளச் சான்று. நீதிபதி ஜாமீன்தாரரைப் பார்த்து, "கைதியை உமக்கு எவ்வாறு தெரியும்? இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்?" என்று கேட்பார். பின்னதற்கு உண்மையான வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. பிறகு முச்சலிக்காவில் கையெழுத்து, இடது கைப் பெருவிரல் ரேகை. அதன் பின் கோர்ட்டிலிருந்து விடுதலை உத்தரவு சிறை அதிகாரிக்குப் போகும். மாலையில் நேரங்கழித்துப் போய்ச் சேர்ந்தால், விடுதலை மறுநாள் காலையில்தான்.

இத்தனையிலும் பணம் எங்கே என்று பாருங்கள். முச்சலிக்காவில் எழுதும் பத்தாயிரம் ரூபாயை யாரும் எண்ணி வைப்பதில்லை. அது, கைதி வராமற்போனால் செலுத்த வேண்டிய தொகை. கோர்ட்டு அனுமதித்தால் முச்சலிக்காவுக்குப் பதிலாகப் பணத்தைக் கட்டி வைக்கலாம். நிபந்தனைப்படி நடந்தால் அது திரும்பி வரும். வக்கீலுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு வேறு விஷயம். "ஜாமீன் பணம்" என்று சொல்லி யாராவது இருபதினாயிரம், முப்பதினாயிரம் கேட்டால், ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் கோர்ட்டுக்குப் போகும் பணம் அன்று.

அமெரிக்காவில் இதை ஒரு வியாபாரமாகவே நடத்துகிறார்கள். ஜாமீன் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் போன்ற ஒரு கட்டணத்தை வாங்கிக்கொண்டு, கம்பெனிக்காரர்கள் ஜாமீன் நிற்பார்கள். அந்தக் கட்டணம் திரும்பி வராது. அங்கேயே இதற்குப் பெரிய எதிர்ப்பு உண்டு. இல்லினாய் மாகாணம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. நம் நாட்டில் கூலிக்கு ஜாமீன் நிற்பதைச் சட்டம் ஏற்பதில்லை. மனிதன் மனிதனுக்காக நிற்க வேண்டும் என்பதே இங்குள்ள ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நிற்பதற்கு மனிதன் கிடைக்க வேண்டுமே!

உத்தரவு இருந்தும் உள்ளே

மனிதன் கிடைக்காத சங்கடம் நம் ஊர்ப் பையனோடு ஆரம்பமானதன்று. மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற கொத்தனார் ஒருவர். அவருக்குச் சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்தது. கீழ்க் கோர்ட்டு மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். மோத்திராமின் சகோதரர் முன்வந்தார். "நீயும் உன் சொத்தும் வேறு ஜில்லா" என்று சொல்லி அவரை ஏற்க மறுத்துவிட்டார்கள். கொத்தனார் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டினார். 1978-ஆம் ஆண்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த முச்சலிக்கா எழுதி வாங்கிக்கொண்டு அவரை விடும்படி தீர்ப்பளித்தார். ஏழைக்குப் பெருந்தொகையை விதிப்பது ஜாமீனை மறுப்பதற்கே சமானம் என்றும், வேறு ஜில்லாக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளுவது தேச ஒற்றுமைக்கே பொருந்தாது என்றும் அந்தத் தீர்ப்பின் போக்கு. தமிழன் ஒருவன் வடக்கே ஏதோ ஓர் ஊரில் பிடிபட்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்ற கேள்வியையும் அவர் எழுப்பியிருக்கிறார்.

மறு வருஷம், 1979-இல், பீஹார்ச் சிறைகளின் கதை வெளியாயிற்று. விசாரணையே முடியாமல், குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டிப் பல பேர் உள்ளே கிடந்தார்கள். ஹுஸ்ஸைனாரா காட்டூன் என்ற பெண்மணியின் பெயரால் வழங்கும் அந்த வழக்கில், நீதிபதி பகவதி அவர்களைச் சொந்த முச்சலிக்காவின் பேரில் விடச் செய்தார். விரைவான விசாரணை ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்பது அந்த வழக்கில் ஸ்தாபிதமாயிற்று.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சங்கடம் தீர்ந்துவிட்டதா? தீர்ந்திருந்தால், 2023-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் விதிகள் வகுத்திருக்க வேண்டியதில்லை. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவர் அதைக் கைதிக்குக் கொடுக்க வேண்டும். ஏழு நாளுக்குள் கைதி வெளியேறாவிட்டால், ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு அவர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், கோர்ட்டே தானாக முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டுமென்ற வற்புறுத்தலே பல விடுதலைகளைத் தாமதப்படுத்துகிறது. அதை விதிக்காமலிருக்கலாம் என்றும் அந்த உத்தரவில் ஆலோசனை இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு வழக்கு வந்தது. பதின்மூன்று வழக்குகளில் ஜாமீன் பெற்ற ஒருவர், அத்தனை வழக்குக்கும் தனித்தனியே ஜாமீன்தாரர்களைத் தேட முடியாமல் உள்ளேயே இருந்தார். ஒரே ஜாமீன்தாரர்கள் பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு வழி செய்தது.

எங்கள் கடலோரத்துக்கு இன்னும் ஒரு கஷ்டம் உண்டு. கோட்டைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் பிடித்துச் செல்லும் மீனவர்களுக்கு, ஜாமீன் கேட்கும் கோர்ட்டு கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிளிநொச்சிக் கோர்ட்டு, ராமேசுவரத்து மீனவர்களுக்குத் தலைக்கு ஒரு கோடி இலங்கை ரூபாய் ஜாமீன் விதித்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் இருபது லட்சத்துக்கும் மேல். விசைப்படகில் பங்குக் கூலிக்குப் போகிறவன் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. இத்தனைக்கும் அந்த நாட்டின் 1997-ஆம் வருஷத்து ஜாமீன் சட்டம், ஜாமீன் கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்றுதான் சொல்லுகிறது! ஜாமீன் தொகை அளவுக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்று நம் சட்டத்தில் எழுதி வைத்திருப்பதன் அருமை, இம்மாதிரிச் செய்திகளைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

ஜாமீன்தாரரின் பயம்

இப்போது என் ஒன்பது நாள் யோசனைக்கு வருகிறேன். மூன்றாம் நாள், ராமநாதபுரத்தில் வக்கீலாக இருக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்து என் பயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

"பையன் ஓடிவிட்டால்?" என்றேன்.

"முச்சலிக்கா பறிமுதலாகும். ஆனால் உடனே ஜப்தி வந்துவிடாது. ஏன் வசூலிக்கக் கூடாது என்று உமக்கு நோட்டீஸ் வரும். நீர் காரணம் சொல்லலாம். கோர்ட்டு தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்யலாம். கட்டவே மறுத்தால் அபராதத்தைப் போல வசூலிப்பார்கள். வசூலிக்க வழியே இல்லையென்றால், ஆறு மாதம் வரையில் சிவில் சிறையில் வைக்கவும் இடமுண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை."

"பையனின் நடத்தை எனக்குச் சந்தேகமாகிவிட்டால்?"

"கோர்ட்டில் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். கோர்ட்டு அவனை வரவழைத்து வேறு ஜாமீன் கேட்கும்."

"வழக்கு முடிவதற்குள் நான் செத்துப் போனால்?"

"முச்சலிக்கா பறிமுதலாவதற்கு முன் என்றால், உம்முடைய சொத்துக்கு ஒரு பொறுப்பும் இல்லை. வேறு என்ன?"

வேறு ஒன்றும் இல்லை. அவருடைய பதில்களைக் கேட்ட பிறகும் நான் ஆறு நாள் தாமதித்தேன். அப்போது அறியாமை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. 'வாத்தியார் கடலட்டைக் கேஸுக்கு ஜாமீன் நின்றார்' என்று ஊரார் சொல்லுவார்களே என்ற கூச்சம்தான். எட்டாம் நாள் இரவு, வகுப்பில் சொல்ல வேண்டிய பாடத்துக்காக 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்டில், இதே ஜில்லாவில் உள்ள திருவாடானையில், சின்ன அண்ணாமலை என்ற இளம் தேசபக்தரை வெள்ளைக்கார அரசாங்கம் சிறையில் அடைத்திருந்தது. ஜனங்கள் பெருந்திரளாகச் சென்று, சிறையை உடைத்து, அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். துப்பாக்கிக்கும் அவர்கள் அஞ்சவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அது அந்நியர் சட்டம், கதவை உடைத்தார்கள். இது நாமே நமக்கு இயற்றிக்கொண்ட சட்டம். கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவும் ஆகிவிட்டது. ஒரு வரி ரசீதும் ஒரு கையெழுத்துமே பாக்கி. அதற்கு நான் ஊரார் வாய்க்கு அஞ்சுகிறேன்! மறுநாள் காலையில் தலைமையாசிரியரிடம் லீவுக் கடிதம் கொடுத்துவிட்டு, ரசீதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன்.

கோர்ட்டில் என்னுடைய காரியத்துக்கு ஆன நேரம் பத்து நிமிஷம். நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "உமக்கு இவனை எவ்வளவு காலமாகத் தெரியும்?" "ஆறாம் வகுப்பிலிருந்து" என்றேன். எழுதிக்கொண்டார்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

நேயர்கள் வீட்டுப் பெரியவர்களும் பெண்மணிகளும் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உறவினரோ, வீட்டில் வேலை செய்பவரோ கைதானால், முதலில் எந்த நிலையம், எந்தப் பிரிவு, ஜாமீனில் விடத்தக்கதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால், 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு ஜில்லாவிலும் இருக்கிறது. பெண்களுக்கும், ஆதி திராவிடருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவருக்கும், காவலில் இருப்பவருக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்கலாம்.

ஜாமீன் உத்தரவானால் அதன் நகலை வாங்கி, நிபந்தனைகளை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். நிறைவேற்ற முடியாத நிபந்தனையாக இருந்தால், சும்மா இருந்துவிடாமல் அதைத் தளர்த்தும்படி மனுப் போடச் சொல்லுங்கள். பணமில்லாத காரணத்தால் ஜாமீனில் வெளியேற முடியாத ஏழை விசாரணைக் கைதிகளுக்கு உதவ, மத்திய சர்க்கார் 2023-இல் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. கமிட்டி பரிசீலித்து, அதிலிருந்து பணம் கொடுக்கலாம். சில குற்றங்களுக்கு அது கிடையாது. வெளியே வந்த பிறகு, வாய்தா நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு வாய்தா தவறினாலும் வாரண்டு வரும். ஜாமீன் நின்றவருக்கும் தொந்தரவு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. யாராவது வந்து கையெழுத்துக் கேட்டால், தெரியாத மனிதருக்காகப் போட வேண்டாம். ஆனால் தெரிந்த பிள்ளையாக இருந்து, வாக்கு மாற மாட்டான் என்று மனத்துக்குப் பட்டால், 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே ஒருவனுக்குச் சிறை.

பையன் வெளியே வந்தது அவன் பிடிபட்ட இருபத்தாறாம் நாள் காலையில். சிறை வாசலில் தாயாரும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அவன் என் காலைத் தொட வந்தான். நான் தடுத்துவிட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்பது நாள் தாமதத்தைப் பற்றி அந்த அம்மாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் மகனைக் கேட்டாள்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு எப்படி இருக்குமோ, நான் அறியேன். வாய்தா நாட்களில் எனக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன் ஒரு தடவை வாசலில் வந்து பஸ் நிற்கும் இடத்தைப் பார்ப்பேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு, முதல் பஸ்ஸுக்காக அவன் நின்றுகொண்டிருப்பான். நான் பார்ப்பதைக் கண்டு கையை உயர்த்துவான். நானும் உயர்த்துவேன்.

இது வரையில் ஒரு வாய்தாவையும் அவன் தவறவிட்டதில்லை.